டாம்கேட்டில் போட்ட அப்ளிகேஷன் ஓடவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

லேப்டாப்பில் ஒழுங்காக ஓடிய ஜாவா வெப் அப்ளிகேஷன் சர்வரில் ஏற்றியதும் முரண்டு பிடித்தால், புரோகிராம் கோடைத் திறந்து தோண்ட ஆரம்பிக்காதீர்கள். பெரும்பாலும் தப்பு அங்கே இருக்காது. சர்வரில் ஜாவா வெப் அப்ளிகேஷன்களை ஓட்டும் மென்பொருளான டாம்கேட் வேறு ஜாவாவை எடுத்திருக்கும், அல்லது நீங்கள் ஒரு கோப்பைத் திருத்திக்கொண்டிருக்க அது இன்னொரு கோப்பைப் படித்துக்கொண்டிருக்கும். கீழே வரும் அறிகுறிகளில் பல இந்த ஒரே விஷயத்தில்தான் போய் முடிகின்றன. உபுண்டு அல்லது டெபியன் சர்வர், அதில் டாம்கேட், அதற்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ், இந்த அமைப்பை வைத்துத்தான் எழுதுகிறேன்.

எதையும் மாற்றுவதற்கு முன்னால்

முதலில், ஓடிக்கொண்டிருக்கும் புராசஸையே கேளுங்கள். பிஎஸ் கட்டளையை முழு விவரத்தோடு ஓட்டி டாம்கேட்டின் வரியைப் பார்த்தால், எந்த ஜாவா, எந்த கேட்டலினா ஹோம், எந்த கேட்டலினா பேஸ் என்று மூன்றும் அதிலேயே இருக்கும். ஹோம் என்பது டாம்கேட்டின் புரோகிராம் இருக்கும் இடம், பேஸ் என்பது உங்கள் அமைப்புகளும் அப்ளிகேஷன்களும் இருக்கும் இடம். ஏபிடி (உபுண்டு, டெபியனின் பேக்கேஜ் நிறுவி) வழியாக டாம்கேட் 9 போட்டிருந்தால் ஹோம் /யுஎஸ்ஆர்/ஷேர்/டாம்கேட்9, பேஸ் /வர்/லிப்/டாம்கேட்9, அமைப்புக் கோப்புகள் /இடிசி/டாம்கேட்9. டாம்கேட் தளத்திலிருந்து டார் என்ற சுருக்கிக் கட்டிய கோப்பை இறக்கி /ஓபிடி-யில் விரித்திருந்தால் எல்லாமே ஒரே ஃபோல்டருக்குள் இருக்கும். சில சர்வர்களில் இரண்டுமே இருக்கும், யாரோ ஒருவர் முன்பு போட்டது ஒன்று, அடுத்து வந்தவர் போட்டது ஒன்று. அப்படி இருந்தால் ஒன்றை நிறுத்திவிட்டு, தானாக எழும்பாதபடி முடக்கியும் வையுங்கள், மற்ற வேலையெல்லாம் அதற்கு அப்புறம்.

அடுத்தது லாக். எல்லாரும் கேட்டலினா டாட் அவுட்டை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அதே ஃபோல்டரில் லோக்கல்ஹோஸ்ட் என்று தொடங்கி அன்றைய தேதியோடு இன்னொரு லாக் இருக்கும், அப்ளிகேஷனின் உண்மையான பிழை பல நேரம் அங்கேதான் விழும். சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களை எழுப்பி நிறுத்தும் மென்பொருள்) மூலமாக ஓடினால் ஜர்னல்சிடிஎல் கட்டளை காட்டும் ஜர்னல் மூன்றாவது இடம். நீளமான பிழைத்தடம் வந்தால் மேலிருந்து படிக்க வேண்டாம், 'காஸ்ட் பை' என்று தொடங்கும் வரிகளில் கடைசியாக வருவதற்கு நேராகப் போங்கள், மூலகாரணம் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

டாம்கேட் எழும்பவே மாட்டேன் என்கிறது, லாகிலும் ஒன்றும் இல்லை

டாம்கேட் லாக் எழுதவே தொடங்கவில்லை என்றால், ஜாவாவே கிளம்பவில்லை என்று பொருள். ஜர்னலைப் பாருங்கள். பழைய சர்வரிலிருந்து ஜேவிஎம் (ஜாவாவை ஓட்டும் மெய்நிகர் இயந்திரம்) அமைப்புகளை அப்படியே காப்பி செய்து கொண்டுவந்தால் இது நடக்கும். மேக்ஸ்பெர்ம்சைஸ் என்ற அமைப்புக்கு ஜாவா 8-லேயே வேலை போய்விட்டது, ஆனாலும் நெடுநாள் ஓர் எச்சரிக்கையோடு பொறுத்துக்கொண்டார்கள். ஜாவா 17 பொறுத்துக்கொள்வதில்லை, 'அன்ரெகக்னைஸ்டு விஎம் ஆப்ஷன்' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். ஜாவா 14-இல் நீக்கப்பட்ட, பயன்படாத மெமரியை விடுவிக்கும் சிஎம்எஸ் குப்பை சேகரிப்பானைக் கேட்கும் அமைப்புக்கும் அதே கதி. அந்த வரிகளை எடுத்துவிடுங்கள், அவற்றுக்கு மாற்று தேடி எதையும் போட வேண்டியதில்லை.

இந்த அமைப்புகள் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன என்பதிலும் குழப்பம் உண்டு. ஏபிடி டாம்கேட் என்றால் /இடிசி/டிஃபால்ட்/டாம்கேட்9 கோப்பு. டார் கோப்பு என்றால் 'பின்' என்ற பெயருள்ள ஃபோல்டரில் செட்என்வ் டாட் எஸ்எச். அந்தக் கோப்பு இயல்பாக இருக்காது, நாமே உருவாக்க வேண்டும். உங்கள் பாஷ் புரொஃபைலில் ஜாவா ஹோமை எழுதி வைத்தால் அது நீங்கள் லாகின் செய்த டெர்மினலுக்கு மட்டும்தான், சிஸ்டம்டி அதைத் தொடவே தொடாது. கையால் ஓட்டினால் ஓடுகிறது, சர்வீஸாக ஓட்டினால் ஓடவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். செட்என்வ் கோப்பை விண்டோஸில் எழுதிக் கொண்டுவந்திருந்தால் வரிமுடிவு எழுத்தும் ஒட்டிக்கொண்டு வந்து ஜாவா பாதையையே கெடுத்துவிடும், டாஸ்2யுனிக்ஸ் கட்டளையை ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

லாகில் 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்று இருந்தால் போர்ட் பிரச்சினை. எந்தப் போர்ட் என்று கவனியுங்கள், 8080 மட்டுமே இருப்பதில்லை, டாம்கேட்டை நிறுத்தும் கட்டளைக்கான 8005-ம் இருக்கிறது. 8080 கிடைக்காவிட்டால் டாம்கேட் புராசஸ் உயிரோடு இருந்துகொண்டே யாருக்கும் பதில் சொல்லாமல் இருக்கும், 8005 கிடைக்காவிட்டால் எழுந்த வேகத்தில் நின்றுவிடும். எஸ்எஸ் கட்டளையில் போர்ட்டைப் பிடித்திருக்கும் புராசஸின் எண்ணைப் பார்க்கலாம், பெரும்பாலும் சரியாக நிற்காத பழைய டாம்கேட்டாகத்தான் இருக்கும். 80 அல்லது 443-ஐ நேரடியாகக் கேட்டுவிட்டு அனுமதி இல்லை என்று வந்தால், டாம்கேட்டை ரூட்டாக (சர்வரில் முழு அதிகாரம் உள்ள பயனராக) ஓட்டும் முடிவுக்கு மட்டும் போகாதீர்கள். 1024-க்குக் கீழே உள்ள போர்ட்களுக்கு லினக்ஸ் தனி உரிமை கேட்கிறது, அதை என்ஜின்எக்ஸ் பார்த்துக்கொள்ளட்டும்.

எழுந்துவிட்டது, ஆனால் 404

இதுதான் அதிகம் பேரை அலைக்கழிப்பது. 404 யாருடையது என்று முதலில் பாருங்கள். பக்கத்தின் அடியில் என்ஜின்எக்ஸ் பெயர் இருந்தால் கோரிக்கை டாம்கேட்டுக்கே போகவில்லை. 'எச்டிடிபி ஸ்டேட்டஸ் 404' என்ற தலைப்பில் டாம்கேட்டின் பக்கம் வந்தால், டாம்கேட் வரை போயிருக்கிறது, அப்ளிகேஷனோ, அதற்குள் கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா கிளாஸான சர்வ்லெட்டோ கிடைக்கவில்லை. ஸ்பிரிங் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கின் 'வைட்லேபிள்' பக்கம் வந்தால் அப்ளிகேஷன் நன்றாகவே ஏறியிருக்கிறது, உள்ளே முகவரிதான் தவறு. குழப்பம் தீரவில்லை என்றால் சர்வருக்குள்ளிருந்தே கர்ல் கட்டளை மூலம் 8080-ஐ நேராகக் கேட்டுப் பாருங்கள், என்ஜின்எக்ஸ் கணக்கிலிருந்து விலகிவிடும்.

டாம்கேட்டின் 404 என்றால் பெயரிலிருந்து தொடங்குங்கள். டாம்கேட்டில் போடுவதற்காக அப்ளிகேஷனை ஒரே பொதியாகக் கட்டிய வார் கோப்பின் பெயர்தான் முகவரியின் முதல் பகுதி, அதில் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு. பில்ட் கருவியான மேவன் கட்டிக்கொடுத்த வார் கோப்பின் பெயரில் வெர்ஷன் எண்ணும் சேர்ந்திருக்கும், அப்படியே போட்டால் முகவரியிலும் அந்த எண் வரும். வேர் முகவரியிலேயே வர வேண்டும் என்றால் கோப்பின் பெயர் ரூட், நான்கு எழுத்தும் பெரிய எழுத்தில்.

பெயர் சரி என்றால் அடுத்த சந்தேகம் ஜாவாக்ஸ், ஜகார்த்தா விவகாரம். டாம்கேட் 9 வரை சர்வ்லெட் கிளாஸ்களின் பேக்கேஜ் பெயர் ஜாவாக்ஸ் என்று தொடங்கும், டாம்கேட் 10-லிருந்து ஜகார்த்தா. பழைய கோடை டாம்கேட் 10-இல் போட்டால் இரண்டு விதமாக உடையும். அப்ளிகேஷனின் அமைப்புக் கோப்பான வெப் டாட் எக்ஸ்எம்எல்லில் சர்வ்லெட் கிளாஸின் பெயரை எழுதியிருந்தால், ஜாவாக்ஸ் சர்வ்லெட் கிளாஸ் கிடைக்கவில்லை என்று லாகில் பிழை வரும், அது நல்லது, காரணம் தெரிந்துவிடும். கோடுக்குள்ளேயே எழுதும் குறிப்பான அனோட்டேஷன் மட்டும் வைத்து எழுதியிருந்தால் டாம்கேட் 10 அந்த அனோட்டேஷனைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. பிழையே இல்லாமல் 'டிப்ளாய்மென்ட் முடிந்தது' என்று லாகில் வரும், முகவரியைத் தட்டினால் 404. ஒரு நாளை முழுசாக விழுங்கிவிடக்கூடிய பிரச்சினை இது. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை உயர்த்தும்போதும் இது வந்து மாட்டும், ஏனென்றால் டெபியன் 12-இல் ஏபிடி கொடுக்கும் டாம்கேட் சர்வர் 10-வது பதிப்புதான்.

தீர்வு உங்களிடம் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஸ்பிரிங் பூட் 2 என்றால் டாம்கேட் 9-லேயே இருங்கள், ஸ்பிரிங் பூட் 3 என்றால் டாம்கேட் 10.1-ம் ஜாவா 17-ம் வேண்டும். கோடைத் தொட முடியாத பழைய வார் கோப்பு என்றால், டாம்கேட் 10-இல் அப்ளிகேஷன்களைப் போடும் வெப்ஆப்ஸ் ஃபோல்டருக்குப் பக்கத்தில் வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதில் போடுங்கள், டாம்கேட்டே பேக்கேஜ் பெயர்களை மாற்றி வெப்ஆப்ஸுக்குள் வைத்துவிடும். இது நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் இடைக்காலத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து வளரும் அப்ளிகேஷன் என்றால் மூலக்கோடையே மாற்றிவிடுவதுதான் சரி.

ஸ்பிரிங் பூட்டில் இன்னொரு சத்தமில்லாத 404 உண்டு. ஜார் கோப்பாக ஓடிக்கொண்டிருந்ததை வார் ஆக மாற்றி வெளி டாம்கேட்டில் போடும்போது, முதன்மை கிளாஸ் ஸ்பிரிங் பூட் சர்வ்லெட் இனிஷியலைசரை நீட்டித்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் டாம்கேட் வார் கோப்பை விரித்து வைக்கும், ஸ்பிரிங்கை யாரும் எழுப்ப மாட்டார்கள். லாகில் ஸ்பிரிங்கின் பெரிய எழுத்து பேனர் வருகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். கூடவே, அப்ளிகேஷன் புராப்பர்டீஸில் எழுதிய போர்ட்டும் கான்டெக்ஸ்ட் பாத்தும் வெளி டாம்கேட்டில் செல்லாது, அவற்றை மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஜிப் கோப்பு திறக்க முடியவில்லை என்ற பிழையோடு 404 வந்தால், பாதி காப்பியான வார் கோப்பை டாம்கேட் அவசரப்பட்டு விரித்திருக்கிறது. வெப்ஆப்ஸுக்குள் நேரடியாக அப்லோட் செய்யாமல், அதே டிஸ்க்கில் வேறு ஃபோல்டரில் இறக்கிவிட்டு எம்வி கட்டளையால் உள்ளே நகர்த்துங்கள்.

'லிசனர்ஸ் ஃபெயில்டு டு ஸ்டார்ட்' என்று ஒரே ஒரு வரி

லோக்கல்ஹோஸ்ட் லாகைத் திறக்க வேண்டிய இடம் இதுதான், அந்த வரியே முழு விவரம் வேறு லாகில் இருக்கிறது என்றுதான் சொல்கிறது. அங்கே 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன்' என்று இருந்தால் கோடைக் கட்டிய ஜாவா புதியது, ஓட்டும் ஜாவா பழையது. பிழையில் வரும் எண்களுக்குப் பொருள்: 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17, 65 என்றால் 21. சர்வரில் ஜாவா 17 போட்டுவிட்டேனே என்று சொல்வீர்கள், ஆனால் டாம்கேட் எதை எடுத்தது என்பதுதான் கேள்வி, முதலில் சொன்ன பிஎஸ் வரியைப் பாருங்கள்.

அதே இடத்தில் சர்வ்லெட் ஏபிஐ ஜாரை ஏற்றவில்லை என்ற எச்சரிக்கையும் தென்பட்டால், மேவனில் அந்தச் சார்புக்கு 'புரொவைடட்' என்ற ஸ்கோப் விட்டுப்போயிருக்கிறது. அந்த ஜாரை டாம்கேட்டே கொடுக்கும், வார் கோப்புக்குள் அது போகக்கூடாது.

அப்ளிகேஷன் வருகிறது, டேட்டாபேஸ் வரவில்லை

டாம்கேட்டில் அமைத்த டேட்டாபேஸ் இணைப்பை ஜேஎன்டிஐ என்ற பெயர்வழித் தேடல் மூலம் எடுப்பவர்களுக்கு வரும் புகழ்பெற்ற பிழை, டிரைவர் கிளாஸ் வெற்றாகவும் கனெக்ட் யுஆர்எல் 'நல்' ஆகவும் இருக்கிறது என்பது. உங்கள் டேட்டாபேஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வெப் டாட் எக்ஸ்எம்எல்லில் ஒரு பெயரைக் கேட்டிருக்கிறீர்கள், அந்தப் பெயரில் ரிசோர்ஸ் எதுவும் டாம்கேட்டின் கையில் இல்லை. எழுத்துப்பிழையா என்று பாருங்கள், இல்லையென்றால் கான்டெக்ஸ்ட் கோப்பு மாறிப்போயிருக்கிறது. வார் கோப்புக்குள் மெட்டா-இன்ஃப் ஃபோல்டரில் ஒரு கான்டெக்ஸ்ட் கோப்பு இருக்கும். கான்ஃப் ஃபோல்டருக்குள் கேட்டலினா, அதற்குள் லோக்கல்ஹோஸ்ட், அதற்குள் அப்ளிகேஷன் பெயரில் இன்னொரு எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கலாம். இரண்டும் இருந்தால் இரண்டாவதுதான் செல்லும், வார் கோப்புக்குள் நீங்கள் எத்தனை முறை திருத்தினாலும் பயன் இல்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. டாம்கேட் ஓடிக்கொண்டிருக்கும்போது வெப்ஆப்ஸிலிருந்து பழைய வார் கோப்பை அழித்தால், அப்ளிகேஷனையே நீக்கச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு விரித்த ஃபோல்டரோடு அந்த எக்ஸ்எம்எல் கோப்பையும் டாம்கேட் அழித்துவிடும். புது வார் கோப்பைப் போட்டதும் டேட்டாபேஸ் காணாமல் போகிறது என்றால் காரணம் இதுதான். பழையதை அழிக்காமல் அதன் மேலேயே புதியதை நகர்த்துங்கள், அல்லது டாம்கேட்டை நிறுத்திவிட்டு மாற்றுங்கள். அந்த எக்ஸ்எம்எல்லின் ஒரு பிரதியை வேறு ஃபோல்டரில் கட்டாயம் வையுங்கள்.

டிரைவர் கிளாஸ் கிடைக்கவில்லை என்றால், ரிசோர்ஸை டாம்கேட் உருவாக்கும்போது டிரைவர் ஜார் டாம்கேட்டின் லிப் ஃபோல்டரில் இருக்க வேண்டும், வார் கோப்புக்குள் இருந்தால் போதாது. டாம்கேட் 7-லிருந்து எடுத்துவந்த அமைப்பு என்றால் மேக்ஸ்ஆக்டிவ் என்பதை மேக்ஸ்டோட்டல் என்றும் மேக்ஸ்வெய்ட் என்பதை மேக்ஸ்வெய்ட்மில்லிஸ் என்றும் மாற்றுங்கள், டாம்கேட் 8-இல் உள்ளே இருக்கும் பூல் மாறிவிட்டது. யுஆர்எல்லில் & குறி வந்தால் எக்ஸ்எம்எல்லில் அப்படியே எழுதக்கூடாது, அதன் பின்னால் ஏ, எம், பி என்ற மூன்று எழுத்தும் அரைப்புள்ளியும் சேர்க்க வேண்டும். இந்த ஒரு குறிக்காக முழுக் கோப்பும் படிக்கப்படாமல் போகும். பாஸ்வேர்டில் & இருந்தாலும் இதே கதைதான்.

ஃபைல் அப்லோட் மட்டும் விழுகிறது, 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்கிறது

டிஸ்க் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். ஃபோல்டரின் உரிமையாளர் சரி, அனுமதி சரி, 777 (எல்லாருக்கும் எல்லா அனுமதியும்) கூடப் போட்டுப் பார்த்தாயிற்று, இன்னும் எழுத முடியவில்லை என்றால் சிஸ்டம்டி தடுக்கிறது. டெபியன், உபுண்டுவின் டாம்கேட் 9 பேக்கேஜ் டாம்கேட்டைச் சுற்றி வேலி போட்டுத்தான் ஓட்டுகிறது: வெப்ஆப்ஸ், லாக் என்று சில ஃபோல்டர்களைத் தவிர மற்றதெல்லாம் அதற்குப் படிக்க மட்டும்தான். சிஸ்டம்சிடிஎல் எடிட் டாம்கேட்9 என்று கொடுத்து, சர்வீஸ் பகுதியில் ரீட்ரைட்பாத்ஸ் என்ற வரியில் உங்கள் அப்லோட் ஃபோல்டரை எழுதி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். 777-ஐ எடுத்துவிட்டுப் பழைய அனுமதிக்கே திருப்புங்கள். பாதுகாப்புக்காகத்தான் இந்த வேலி இருக்கிறது, தேவையான ஒரு கதவை மட்டும் திறந்தால் போதும், மொத்தமாக நீக்கச் சொல்லும் யோசனையை ஏற்காதீர்கள்.

தமிழ் எழுத்துகள் கேள்விக்குறியாக வருகின்றன

நமக்கு மட்டும் அடிக்கடி வரும் பிரச்சினை, ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு அனுப்பியவர்கள் கண்ணில் படாதது. இரண்டு விதமாகக் கெடும், இரண்டுக்கும் காரணம் வேறு. வெறும் கேள்விக்குறிகள் வந்தால், தமிழே இல்லாத ஒரு குறியீட்டுக்கு எழுத்துகளை யாரோ மாற்றியிருக்கிறார்கள். 'தமிழ்' என்று கொடுத்தால் ஐந்து கேள்விக்குறி வரும், ஏனென்றால் கண்ணுக்கு மூன்று எழுத்தாகத் தெரிந்தாலும் யூனிகோடில் அது ஐந்து. அப்படியே சேமிக்கப்பட்டுவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. தலையில் சாய்கோடு போட்ட லத்தீன் எழுத்து திரும்பத் திரும்ப வந்து குப்பையாகத் தெரிந்தால், யுடிஎஃப்-8 பைட்டுகளை ஐஎஸ்ஓ-8859-1 என்று நினைத்துப் படித்திருக்கிறார்கள். தமிழில் ஒவ்வொரு யூனிகோடு எழுத்தும் மூன்று பைட், அதனால் குப்பையும் மூன்று மடங்கு நீளமாக இருக்கும். இதைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

எங்கே கெட்டது என்று கண்டுபிடிக்க டேட்டாபேஸில் தொடங்குங்கள். தமிழ் எழுத்து சேர்ந்திருக்கும் நெடுவரிசையின் மதிப்பை ஹெக்ஸில் பாருங்கள். இ0 ஏஇ என்று தொடங்கினால் தமிழ் சரியாகச் சேர்ந்திருக்கிறது, காட்டும்போதுதான் கெடுகிறது. சி3 ஏ0 என்று தொடங்கினால் வரும் வழியிலேயே தவறாகப் படிக்கப்பட்டு மறுபடியும் யுடிஎஃப்-8 ஆக்கப்பட்டிருக்கிறது. 3எஃப் வரிசையாக இருந்தால் உண்மையான கேள்விக்குறிதான் சேர்ந்திருக்கிறது, டேபிளின் கேரக்டர் செட்டையும் இணைப்பின் யுஆர்எல்லையும் பாருங்கள். மைஎஸ்க்யூஎல் 5.7-இல் இயல்பு லத்தீன்1, 8-இல்தான் யுடிஎஃப்8எம்பி4 ஆனது, பழைய டேட்டாபேஸை உயர்த்தினாலும் பழைய டேபிள்கள் பழைய குறியீட்டிலேயே இருக்கும்.

ஃபார்மிலிருந்து வரும்போது கெடுகிறது என்றால்: முகவரியில் வரும் எழுத்துகளை டாம்கேட் 8-லிருந்து யுடிஎஃப்-8 ஆகத்தான் படிக்கிறது, ஆனால் போஸ்ட்டில் வரும் ஃபார்மில் குறியீடு சொல்லப்படாவிட்டால் டாம்கேட் 9 வரை ஐஎஸ்ஓ-8859-1 ஆகவே எடுத்துக்கொள்ளும். டாம்கேட் 9 முதல் வெப் டாட் எக்ஸ்எம்எல்லில் ரிக்வெஸ்ட்-கேரக்டர்-என்கோடிங் என்ற ஒரு வரி போதும். அதற்கு முந்தையது என்றால் கேரக்டர் என்கோடிங் ஃபில்டரை எல்லா ஃபில்டருக்கும் முன்னால் வையுங்கள், வேறு ஏதாவது ஃபில்டர் முந்திக்கொண்டு ஒரு பாராமீட்டரைப் படித்துவிட்டால் அதற்கு அப்புறம் குறியீட்டை மாற்ற முடியாது. காட்டும்போது கெடுகிறது என்றால் பக்கத்தை உருவாக்கும் ஜேஎஸ்பி கோப்பின் முதல் வரியில் கன்டென்ட் டைப்பும் பேஜ் என்கோடிங்கும் யுடிஎஃப்-8 என்று இருக்கிறதா பாருங்கள்.

தமிழ்ப் பெயருள்ள கோப்பை அப்லோட் செய்தால் மட்டும் 'இன்வேலிட் பாத்' என்று விழுவது தனிக் கதை. சிஸ்டம்டி சர்வீஸுக்கு உங்கள் டெர்மினலில் இருக்கும் லோகேல் (மொழி, எழுத்துக்குறியீட்டு அமைப்பு) போய்ச் சேர்ந்திருக்காது. ஜாவா 18-லிருந்து இயல்பான குறியீடு யுடிஎஃப்-8 ஆகிவிட்டாலும் கோப்புப் பெயர்களுக்கு அது லோகேலைத்தான் பார்க்கிறது. மேலே சொன்ன அதே சிஸ்டம்டி எடிட்டில் லாங் என்ற சூழல் மாறிக்கு சி டாட் யுடிஎஃப்-8 என்று கொடுத்துவிடுங்கள்.

நேராக 8080-இல் ஓடுகிறது, என்ஜின்எக்ஸ் வழியாக ஓடவில்லை

502 என்றால் டாம்கேட் அந்தப் போர்ட்டில் கேட்கவில்லை. ரெட்ஹேட் குடும்பச் சர்வரில் டாம்கேட் நன்றாக இருந்தும் 502 வந்தால் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு தடுத்திருக்கும், என்ஜின்எக்ஸ் லாகில் 'பெர்மிஷன் டினைடு' இருக்கும். 504 என்றால் 60 நொடிக்குள் பதில் வரவில்லை, காலக்கெடுவை நீட்டுவதற்கு முன்னால் எது அவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். 413 என்றால் என்ஜின்எக்ஸின் இயல்பான 1 எம்பி வரம்பு.

லாகின் ஆனதும் எச்டிடிபிஎஸ்ஸிலிருந்து எச்டிடிபிக்குத் தள்ளுகிறது என்றால், வெளியே எச்டிடிபிஎஸ் என்பது டாம்கேட்டுக்குத் தெரியவில்லை. என்ஜின்எக்ஸில் எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ தலைப்பை அனுப்புங்கள், டாம்கேட்டின் சர்வர் டாட் எக்ஸ்எம்எல்லில் ரிமோட்ஐபிவால்வைப் போட்டு அந்தத் தலைப்பைப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் பலன் இல்லை. லாகின் ஆகி மறுபடியும் லாகின் பக்கத்துக்கே வந்தால் குக்கியின் பாதையைப் பாருங்கள். டாம்கேட்டில் அப்ளிகேஷன் ஒரு பெயருக்குக் கீழே இருந்து, வெளியே வேர் முகவரியில் காட்டினால், பிரவுசர் அந்த செஷன் குக்கியைத் திருப்பி அனுப்பாது. வார் கோப்பை ரூட் என்ற பெயரிலேயே போட்டுவிடுவது சுலபம், புராக்ஸி குக்கி பாத்தை வைத்தும் சரிசெய்யலாம்.

சில முறை டிப்ளாய் செய்ததும் செத்துப்போகிறது

லாகில் மெட்டாஸ்பேஸ் (ஜாவா கிளாஸ்களின் விவரங்களை வைக்கும் மெமரி) நிரம்பிவிட்டது என்று இருந்தால், பழைய அப்ளிகேஷனின் கிளாஸ்கள் வெளியேறாமல் தேங்கியிருக்கின்றன. டாம்கேட்டே துப்புக் கொடுக்கும்: அப்ளிகேஷன் ஒரு த்ரெட்டைத் தொடங்கியது, நிறுத்தவில்லை என்று அதன் பெயரோடு எச்சரிக்கை எழுதியிருக்கும், அந்தப் பெயரை வைத்து எந்த லைப்ரரி என்று பிடித்து நிறுத்தும் கோடை எழுதுங்கள். அதுவரை புரொடக்‌ஷனில் ஒவ்வொரு டிப்ளாய்க்கும் டாம்கேட்டை முழுசாக ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

லாகில் எந்தப் பிழையும் இல்லாமல் நடு வரியில் நின்றுபோயிருந்தால் கதை வேறு. டிமெஸ்ஜி கட்டளையில் 'கில்டு புராசஸ்' என்று ஜாவாவின் பெயர் வருகிறதா பாருங்கள், வந்தால் மெமரி போதாமல் லினக்ஸ் கெர்னலே அதைக் கொன்றிருக்கிறது. 2 ஜிபி சர்வரில் ஹீப்புக்கே (அப்ளிகேஷனின் தரவு இருக்கும் ஜாவா மெமரி) 2 ஜிபி கொடுத்தால் இப்படித்தான் ஆகும், ஏனென்றால் ஹீப் போக மெட்டாஸ்பேஸ், த்ரெட்கள், ஜாவாவின் சொந்தச் செலவு எல்லாம் தனி, அதே சர்வரில் மைஎஸ்க்யூஎல்லும் இருந்தால் அதற்கும் இடம் வேண்டும். அப்படிப்பட்ட சர்வரில் ஹீப்பை 768 எம்பி அளவில் வைத்துத் தொடங்கி, மெமரி எவ்வளவு மிஞ்சுகிறது என்று சில நாள் கவனித்துவிட்டு ஏற்றுங்கள்.